பாரிஜாதத் தெரு, மாடிப் போர்ஷன்

மெதுவா ஏறி வாங்க தம்பி. நாலாவது படி கொஞ்சம் உசரம், புதுசா வர்றவங்க எல்லாரும் அதுலதான் தடுக்குவாங்க. ம், அவ்வளவுதான். ஒரு ஹால், சமையலறை, படுக்கையறை, பின்னாடி துணி காயப்போட இடம். காத்து எப்படி வருது பாருங்க, ஃபேனே வேண்டாம். குழாயைத் திறந்து பாருங்க. கதிரவன்னுதானே சொன்னீங்க? நல்ல பேரு. சுத்தமான தமிழ்ப் பேரு. அதை வச்சு ஒண்ணுமே கண்டுபிடிக்க முடியாத பேரு.

எதுக்கும் முதல்லயே சொல்லிடறேன், நான் சாதி பாக்கிறவன் கிடையாது. இந்த ஊர் ஹைஸ்கூல்ல முப்பத்திரண்டு வருஷம் சமூக அறிவியல் வாத்தியார். பாடப் புத்தகத்து முதல் பக்கத்துல தீண்டாமையைப் பத்திப் போட்டிருக்குமே, வருஷம் தவறாம பள்ளிக்கூடம் திறக்கிற அன்னிக்கு முதல் பீரியட்ல பசங்களை எழுந்து நிக்க வச்சு அதைப் படிக்கச் சொல்லுவேன். ரெண்டாவது பீரியட்லதான் யாரு யாரு எங்கெங்க உக்காரணும்னு இடம் போட்டுக் குடுப்பேன்.

அப்போ துறையூர்தான் சொந்த ஊரா? துறையூர்ல எந்தத் தெரு? பஸ் ஸ்டாண்டு பக்கமா... பஸ் ஸ்டாண்டு பக்கம்னா அங்க எல்லாரும்தான் இருப்பாங்க. சரி விடுங்க, அப்புறம் சொல்லுங்க. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

பதினாலு மாசமா போர்ஷன் ஏன் காலியாக் கெடக்குன்னு உங்களுக்கு மனசுல ஓடும். மரியாதைக்குக் கேக்க மாட்டீங்க. பதினோரு பேர் வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்க. எல்லாருக்கும் வீடு பிடிச்சிருந்துச்சு. என்னமோ பாதிப் பேச்சுலயே அவசர வேலை வந்துடுது அவங்களுக்கு. எல்லாம் ஒரு கல்லைப் பிடுங்கினதால வந்த வினை தம்பி. உக்காருங்க, சொல்றேன். அந்த ஜன்னல் கட்டையில உக்காரலாம், துடைச்சு வச்சதுதான்.

தெரு முனையில இப்ப நீலக் கலர்ல ஒரு பலகை நிக்குதே, அங்க இடுப்பு உசரத்துக்கு ஒரு கருங்கல்லு நின்னுச்சு. வெள்ளைக்காரன் காலத்துல எங்க கொள்ளுத் தாத்தா நட்டது. மேல தெருப் பேரு. அதாவது எங்க... அதான், அந்தப் பேரு. சாதிப் பேரை நான் வாயால சொல்றதில்ல தம்பி, அது என் கொள்கை. நீங்களாப் புரிஞ்சிக்கணும். அதுக்குக் கீழே, இன்னார் உபயம்னு கொள்ளுத் தாத்தா பேரு. அதுக்கும் கீழே இன்னொரு வரி. இன்னின்ன ஆளுங்க இந்தக் கல்லுகிட்ட வந்ததும் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கணும், சைக்கிள்ல வந்தா இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகணும்னு. இன்னின்ன ஆளுங்கன்னா யாருன்னும் வெட்டி வச்சிருந்தாங்க. அந்தக் காலத்து மனுஷங்க, தெளிவா எழுதுவாங்க.

நான் அதை அப்படியே விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. ஆடிக் காத்துல மண்ணு விலகி, வருஷா வருஷம் அந்த வரி வெளியே தெரிய ஆரம்பிச்சிடும். நானே மம்பட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயி, ரெண்டு கூடை மண்ணை அள்ளிக் கொட்டி, காலால நல்லா மிதிச்சு மூடிட்டு வருவேன். இருபது வருஷம் செஞ்சேன். சமத்துவத்துக்காக முதுகு ஒடிய வேலை பார்த்தவன் தம்பி நான். எவன் பாராட்டினான்?

அப்புறம் உத்தரவு வந்துச்சு. தெருப் பேர்ல சாதி இருக்கக் கூடாது, எடு. நாட்டுல வேற பிரச்சினையே இல்ல பாருங்க. சாக்கடை தெருவுல ஓடுது, அது ஓடலாம். கல்லு மட்டும் நிக்கக் கூடாது. எங்க தெருவுக்கு நலச்சங்கம் ஒண்ணு இருக்கு, நான் செயலாளர். தலைவரு மாவு மில் சிவப்பிரகாசம். ரெண்டு பேரும் மனுவை எடுத்துக்கிட்டு நகராட்சிக்குப் போனோம். வழி நெடுக, உயிரே போனாலும் பேரை விட மாட்டேன் சாருன்னு சொல்லிக்கிட்டு வந்தாரு. ஆணையர் ஒரு சின்னப் பொண்ணு, என் மக வயசுதான் இருக்கும். மனுவைப் படிச்சிட்டு, உங்க மில்லுக்கு லைசென்ஸ் புதுப்பிச்சாச்சான்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு. தலைவரு அங்கேயே பேனா வாங்கி, பேரை மாத்தறதுல ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. உயிரு போகல, லைசென்ஸும் போகல.

பழைய பேருக்குப் பதிலா பூப் பேரு வைக்கலாம், ஊர்ல எந்தெந்தத் தெருவுக்கு எந்தெந்தப் பூன்னு ஒரு கமிட்டி போட்டுப் பட்டியல் குடுங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. படிச்ச ஆளு வேணும்ல, அதுக்கும் நான்தான் செயலாளர். ஒரு வாரம் ராப்பகலா உக்காந்து போட்ட பட்டியல் தம்பி. நம்ம தெருக்கள் நாலுக்கும் வாசனைப் பூ. மல்லிகை, முல்லை, மனோரஞ்சிதம், நம்ம இந்தத் தெருவுக்குப் பாரிஜாதம். தேவலோகத்துப் பூ. மண்ணுல உதிர்ந்தாலும் எடுத்து சாமிக்கு வைக்கலாம்னா பாரிஜாதத்தை மட்டும்தான் வைக்கலாம். கீழ்ப்பக்கத்துக் காலனிக்குக் கனகாம்பரம், செம்பருத்தி. அதுவும் பூதானே? பார்க்க நல்லாத்தான் இருக்கும். வாசனைதான் கிடையாது. அதை யாரும் கவனிக்கல. நானும் சொல்லல.

கல்லைப் பிடுங்க ஜே.சி.பி. வந்த அன்னிக்கு, நலச்சங்கத்துல நாப்பத்தாறு பேரும் ஊர்ல இல்ல. நான் மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கல்லுக்கு முன்னாடி போட்டு உக்காந்தேன். அந்த டிரைவரு, சார் கொஞ்சம் தள்ளி உக்காந்தா நல்லாத் தெரியும் சாருங்கறான். ஏதோ வேடிக்கை பார்க்க வந்திருக்கேன்னு நினைச்சான் போல. அப்புறம் என் மக மங்கை வந்து கையைப் பிடிச்சு எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போயி ஓரமா நிறுத்தினா. மங்கையர்க்கரசி. தாலுகா ஆபீஸ்ல வேலை. கல்லு மேல வந்துச்சு. மண்ணு பொலபொலன்னு உதிர்ந்துச்சு. அந்தக் கீழ் வரி இருக்கே, அது நேத்து வெட்டின மாதிரி பளிச்சுன்னு இருக்கு. இருபது வருஷம் நான் மண்ணு போட்டுப் பாதுகாத்து வச்சதால கொஞ்சம்கூட சிதையல. மங்கை அதைச் சத்தமாப் படிச்சா. முழுசாப் படிச்சா. படிச்சிட்டு என்னைப் பார்த்து, “இதை மூடத்தான் ஆடி மாசம் மண்ணு அள்ளிக்கிட்டுப் போவீங்களாப்பா? ஒரு உளியைக் கொண்டு போயி செதுக்கி எடுத்திருக்கலாமே?”ன்னா.

கொள்ளுத் தாத்தா வெட்டினதை நான் எப்படிச் செதுக்குறது? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல? இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அது புரியாது. நீங்க தண்ணி குடிக்கிறீங்களா? வேண்டாமா? சரி.

அதுக்கப்புறம் ஆறு மாசத்துல இந்த மாடிக்கு ஒருத்தர் வாடகைக்கு வந்தாரு. எழிலரசுன்னு பேரு, கால்நடை ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த டாக்டரு. அதுவும் ஒண்ணும் பிடிபடாத பேருதான். நான் சாதியெல்லாம் கேக்க மாட்டேன் தம்பி. வாழ்க்கையில ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்ல. எந்த ஊருன்னு கேட்டேன், ஆலங்கரைன்னாரு. ஆலங்கரையில எந்தத் தெருன்னு கேட்டேன். பாரிஜாதத் தெருன்னாரு.

எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. நம்ம தெருப் பேரே! ஆலங்கரையிலயும் நம்மாளு ஒருத்தன் என்னை மாதிரியே உக்காந்து, யோசிச்சுப் பட்டியல் போட்டிருக்கான் பாருன்னு நினைச்சேன். படிச்சவன் எங்க இருந்தாலும் ஒரே மாதிரிதான் யோசிப்பான். அதுக்கு மேல ஒரு கேள்வி கேக்கல. அட்வான்ஸ்கூட அப்புறம் பாத்துக்கலாம்னுட்டு, நேரா உள்ள கூட்டிக்கிட்டுப் போயி சமையலறையில உக்கார வச்சு காபி குடுக்கச் சொன்னேன்.

ஒண்ணரை வருஷம் இங்க இருந்தாரு. குறை சொல்ல முடியாத மனுஷன். அதைத்தான் என்னால தாங்க முடியல. எங்க பசு ஒருதரம் கன்னு குறுக்க மாட்டிக்கிட்டுத் தவிச்சிச்சு. காலையில ஆபீசுக்குக் கிளம்பி நின்ன மனுஷன், சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு, முழங்கைக்கு மேல கையை விட்டு, ஒண்ணரை மணி நேரம் போராடி ரெண்டு உசிரையும் காப்பாத்தினாரு. வெந்நீர் கொண்டு வந்து அவர் கையில நான் ஊத்தினேன். நானே சோப்புப் போட்டுத் தேய்ச்சு விட்டேன். நல்ல கை தம்பி அது. பையன் இல்லாத குறை அன்னிக்குத் தீர்ந்துச்சுன்னு என் சம்சாரம் பாக்கியத்துகிட்ட நானே சொன்னேன். நானே சொன்னேன் பாருங்க. மங்கைக்கு வரன் பார்த்துக்கிட்டிருந்த நேரம். வெளியே எதுக்குத் தேடணும்னுகூட மனசுல ஓடுச்சு. ரெண்டு பேரும் நின்னு பேசறதைப் பார்த்தா, நான் பார்க்காத மாதிரி உள்ள போயிடுவேன்.

ஒரு கல்யாணத்துல பந்தியில உக்காந்திருக்கேன். பக்கத்து இலையில பாக்கியத்தோட தம்பி, ஆலங்கரையில கடை வச்சிருக்கான். எங்க டாக்டர் உங்க ஊருதான், பாரிஜாதத் தெருன்னு பெருமையாச் சொன்னேன். அவன் அப்பளத்தைக் கீழே வச்சிட்டான். “பாரிஜாதத் தெருவா? அது பழைய காலனியாச்சே மாமா”ன்னான். அது எப்படிடா, பாரிஜாதத்தைக் கொண்டு போயி அங்க வைப்பாங்கன்னு கேட்டேன். அங்க கமிட்டியும் இல்லையாம், பட்டியலும் இல்லையாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களைக் கூப்பிட்டுச் சீட்டு எடுக்க வச்சிருக்காங்க! ஒரு சின்னப் பிள்ளை எந்தச் சீட்டை எடுக்குதோ அதுதான் தெருப் பேராம். இதெல்லாம் ஒரு நிர்வாகமா தம்பி? ஒரு பொறுப்பு வேண்டாம்? பாயசம் வந்துச்சு, நான் எழுந்துட்டேன்.

டாக்டரை நான் ஒரு வார்த்தை தப்பாப் பேசல. நாகரிகம்னு ஒண்ணு இருக்கு. வீட்டுக்கு வெள்ளை அடிக்கணும், கொஞ்சம் காலி பண்ணிக் குடுக்கணும்னு சொன்னேன். “போன மாசம்தானே சார் அடிச்சீங்க?”ன்னாரு. அவ்வளவுதான் கேட்டாரு. மறுநாள் மத்தியானத்துக்குள்ள காலி பண்ணிட்டாரு. போகும்போது தொழுவத்துக்குப் போயி, கன்னுக்குட்டிக்கு அடுத்த ஊசி என்னிக்குப் போடணும்னு செவுத்துல சுண்ணாம்புக்கட்டியால தேதி எழுதிட்டுப் போனாரு. அந்தத் தேதிக்கு வேற ஆளை வச்சு ஊசி போட்டோம். எழுத்தை அழிக்கலாம்னுதான் இருக்கேன், நேரம் கிடைக்கல.

நாலு நாள் கழிச்சு மங்கை ஒரு பெட்டியோட வந்து நின்னா. அழல, சண்டை போடல. “நானும் காலி பண்ணிடறேன்ப்பா. வீடு முழுக்க வெள்ளை அடிச்சிக்குங்க”ன்னா. அடுத்த வாரம் பதிவுத் திருமணம் ஆயிடுச்சு, ஆலங்கரையில அவர் வீட்டுலதான் இருக்கோம்னு பாக்கியத்துக்குப் போன் வந்துச்சு.

இப்ப நீங்களே சொல்லுங்க. இதுல யாரு மேல தப்பு? நேரா அந்த உத்தரவு மேலதானே? பழைய பேரு அப்படியே இருந்திருந்தா, அவர் தெருவைச் சொன்ன அடுத்த நிமிஷம், “சாரி தம்பி, மாடிக்கு சொந்தக்காரங்க வர்றதாச் சொல்லிட்டாங்க”ன்னு மரியாதையா அனுப்பி வச்சிருப்பேன். அவருக்கும் கஷ்டமில்ல, நமக்கும் கஷ்டமில்ல, என் பொண்ணு என் வீட்டுல இருந்திருப்பா. சாதியை ஒழிக்கிறேன்னு இறங்கி ஒரு குடும்பத்தையே பிரிச்சிட்டாங்க. இதை எழுதி ஆணையருக்கு ஒரு மனு குடுத்தேன். பெற்றுக்கொண்டோம்னு ரசீது வந்துச்சு. ரசீதுல என் விலாசம் பாரிஜாதத் தெரு. நான் யாருக்கு எழுதினாலும் பழைய பேரைப் பக்கத்துலயே அடைப்புக்குறிக்குள்ள போட்டுடுவேன். அதை மட்டும் வெட்டிட்டாங்க.

சாயங்காலம் ஆறு மணிக்கு மங்கை வண்டிச் சத்தம் கேக்கும் தம்பி. கேட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே “அப்பா”ன்னு குரல் குடுப்பா, எதுக்குன்னே தெரியாது, சும்மா. இப்பவும் ஆறு மணிக்கு நான் வாசல்லதான் உக்காந்திருக்கேன். பேப்பர் படிக்கிறேன்னு பாக்கியத்துகிட்டச் சொல்றது. அந்த நேரத்துல வெளிச்சம் இருக்காது. பாக்கியத்துக்கும் அது தெரியும்.

பாக்கியம் என்கிட்ட நேராப் பேசறது நின்னு போச்சு. மாட்டுகிட்டச் சொல்லுவா, நான் கேட்டுக்கணும். “சோறு வச்சிருக்கு, கொட்டிக்கச் சொல்லு”ன்னு பசுகிட்டச் சொல்லுவா. இந்த மாசம் மாட்டுகிட்டச் சொன்ன சேதி, மங்கைக்கு எட்டாவது மாசம். தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே? நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. வரட்டும்னேன். அவ மட்டும் வரட்டும், அவர் வர வேண்டாம், பிள்ளை பொறந்ததும் போட்டோ அனுப்பி வைக்கலாம்னேன். எவ்வளவு பெரிய மனசு பாருங்க. அதுக்கு அவ, வந்தா ரெண்டு பேருமா வருவோம், பட்டப்பகல்ல வாசல் வழியா வருவோம், மாடியிலயே தங்குவோம்னு சொல்லி அனுப்பியிருக்கா.

அதான் தம்பி, மாடியில ஆளு இருந்துட்டா எங்க வந்து தங்குவாங்க? நான் வேண்டாம்னு சொன்ன மாதிரியும் இருக்காது. நீங்க இந்த வியாழக்கிழமையே பால் காய்ச்சிடலாம், நாள் நல்லா இருக்கு.

நேத்து பாக்கியம் தொழுவத்துல நின்னு பசுகிட்ட என்ன சொல்றா தெரியுமா? “அப்பன் தெருவும் பாரிஜாதம், ஆத்தா தெருவும் பாரிஜாதம். பொறக்கப் போற பிள்ளைகிட்ட எவன் வந்து தெருவைக் கேட்டு என்னத்தைக் கண்டுபிடிக்கிறான்னு பாக்கறேன்”ங்கறா. வாத்தியார் எனக்கு இது தோணவே இல்ல பாருங்க. அந்தப் பூவைத் தேடிப் பிடிச்சுப் பட்டியல்ல போட்டதே நான்தான். நேத்துலேருந்து சரியா சோறு இறங்கல.

சரி, அது கெடக்கட்டும். இந்தாங்க சாவி. நீங்களே ஒருதரம் பூட்டித் திறந்து பாருங்க, பூட்டு புதுசு. உங்களைப் பார்த்தா நல்ல பிள்ளையாத் தெரியுது, உங்களுக்குக் குடுக்கறதா முடிவே பண்ணிட்டேன். ஒரே ஒரு சின்ன விஷயம், ஒரு சம்பிரதாயத்துக்கு. துறையூர்ல பஸ் ஸ்டாண்டு பக்கம்னீங்க. பஸ் ஸ்டாண்டுக்குக் கிழக்கயா, மேற்கயா? தெருப் பேரு என்ன? புதுப் பேரு வேண்டாம், பழசு. ஏன் சிரிக்கறீங்க? குலதெய்வம் எந்த ஊருன்னாவது சொல்லுங்களேன். அதுல என்ன இருக்கு?

அடியே பாக்கியம், வாளியும் விளக்கமாறுமா இங்க எதுக்கு வந்து நிக்கற? தம்பி வீடு பார்த்துக்கிட்டு இருக்காரு... என்ன, என்கிட்டயா பேசற? நேராப் பேசறியே! யாரு வர்றா? வெள்ளிக்கிழமையா? ரெண்டு பேருமா? யாரைக் கேட்டு வரச் சொன்ன? நான் எங்கடி சத்தம் போட்டேன்? இல்லைன்னா நீ கிளம்பிப் போயிடுவியா? எங்க போவ? ஆலங்கரைக்கா? அந்தத் தெருவுக்கா? பாக்கியம்... சேலையெல்லாம் எடுத்து வச்சிட்டியா?

இரு. இருடி. கொஞ்சம் யோசிக்க விடு.

சரி. வரட்டும். ரெண்டு பேருமே வரட்டும். வாசல் வழியாவே வரட்டும், நான் ஒண்ணும் சொல்லல. மத்தியானம் ரெண்டு மணிக்கு மட்டும் வரச் சொல்லு. தெருவுல எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருப்பாங்க, ஒருத்தரும் வெளியே நிக்க மாட்டாங்க. ஆட்டோவுல திரையைப் போட்டுக்கிட்டு வந்து இறங்கிட்டா ஆச்சு. என்னடி அப்படிப் பாக்கற? இதுக்கு மேல ஒரு மனுஷன் எவ்வளவு இறங்கி வர்றது? பார்த்தீங்களா தம்பி, எவ்வளவு விட்டுக் குடுத்திருக்கேன்? நீங்களே அவளுக்கு எடுத்துச் சொல்லுங்க.

தம்பி?

எங்கடி அவரு? இப்ப இங்கதானே இருந்தாரு? சொல்லாமக் கொள்ளாம இறங்கிப் போயிட்டாரா? தெருவைத்தானே கேட்டேன், வேற என்ன கேட்டேன்? சாவி? சாவியை எடுத்துக்கிட்டா போயிட்டாரு?

உன்கிட்டயா குடுத்தாரு? வீட்டுக்காரன் நான் இங்க நிக்கறேன், உன்கிட்ட எதுக்குக் குடுத்தாரு?